இரவில் ஆற்றோரம் படம் பிடிக்கப் போகிறீர்களா?

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டது. உங்களில் சிலர் கூடாரத்தை எடுத்துக்கொண்டு ஆற்றோரமோ கடலோரமோ போகத் திட்டமிட்டிருப்பீர்கள். போகும் இடத்தில் காணொளி எடுக்காமல் திரும்ப மாட்டீர்கள். பகலில் எடுப்பது எளிது, இரவில்தான் சிக்கல். இதற்கென்றே உள்ளங்கையில் அடங்கும், தண்ணீர் புகாத எல்.இ.டி. விளக்குகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. கேமராவின் தலையில் மாட்டலாம், பாறைமேல் வைக்கலாம், தண்ணீருக்குள்ளும் இறக்கலாம். பெட்டியில் ‘1000 லூமென்’ என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள்.

கடந்த ஆண்டு நானும் ஒன்று வாங்கினேன். படிவம் நான்கு மாணவர்களோடு பேராக் மாநிலத்தின் கோப்பேங் பக்கம் ஆற்றோர முகாமுக்குப் போனபோது அதை எடுத்துச் சென்றேன். ஓடையில் வாழும் தவளைகளைப் பற்றி இரண்டு நிமிடக் காணொளி எடுக்க வேண்டும் என்பது மாணவர்களின் ஆசை. அன்றிரவு மூன்று தவறுகள் நடந்தன. மழைத் தூறலில் எடுத்த காட்சிகள் அனைத்திலும் தவளைக்குப் பதில் வெள்ளைப் புள்ளிகளே தெரிந்தன. அடுத்து, மீன்களை எடுக்கலாம் என்று விளக்கைத் தண்ணீருக்குள் இறக்கினேன். சற்று நேரத்தில் கண்ணாடி உள்ளே பனிபோல மங்கி, விளக்கு அணைந்துபோனது. அணைந்த அந்தக் கணத்தில், என் பின்னால் நின்ற மாணவர் ஒருவர் ஓரடி பின்வாங்கி, பாறை இடுக்கில் கால் வழுக்கி விழுந்தார். முழங்கால் அளவுத் தண்ணீர்தான். ஆனால் விழுந்தது யார், எந்தப் பக்கம் என்று சில விநாடிகள் எங்கள் யாருக்குமே தெரியவில்லை.

கணுக்கால் சுளுக்கோடு போயிற்று. மூன்றுக்கும் காரணம் நான்தான். வீட்டுக்கு வந்து யோசித்தபோது இன்னொன்றும் உறைத்தது. அன்று நான் மறந்தவை பெரும்பாலும் நானே வகுப்பில் நடத்தும் பாடங்கள். நீங்கள் புறப்படுவதற்கு முன் அவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

படத்துக்குப் போதும் ஒளி காணொளிக்குப் போதாதா?

நிலா வெளிச்சத்தில் ஒருவர் எடுத்த மலைக்காட்சி பளிச்சென்று இருக்கும். அதே இடத்தில் நீங்கள் காணொளி எடுத்தால் கறுப்புத்தான் மிஞ்சும். கேமரா மட்டமானது என்று நினைக்க வேண்டாம். அந்தப் படத்துக்காக கேமராவின் ஒளிவாயில் 10 விநாடி திறந்திருக்கலாம். காணொளியில் அதற்கு வழியில்லை. நொடிக்கு 30 படங்கள் எடுத்தாக வேண்டும் என்பதால், ஒவ்வொரு படத்துக்கும் அதிகபட்சம் நொடியில் 30-இல் ஒரு பங்கு நேரமே கிடைக்கும். 10 விநாடியோடு ஒப்பிட்டால் 300 மடங்கு குறைவான ஒளி.

ஒளி குறைந்தால் படம் இருட்டாவது மட்டுமல்ல, புள்ளி புள்ளியாகவும் மாறுகிறது. ஒளி, ஃபோட்டான் எனும் சிறு துகள்களாக வந்து விழுகிறது. அது கூரைமேல் விழும் மழைத்துளி மாதிரி. இரண்டு ஓடுகளில் ஒரே நேரத்தில் விழும் துளிகளை எண்ணினால் எண்ணிக்கை சரியாகப் பொருந்தாது. சராசரியாக 100 ஃபோட்டான்கள் விழும் இடத்தில், 10 கூடவோ குறையவோ விழுவது இயல்பு. அது 10 விழுக்காடு ஏற்ற இறக்கம். 10,000 விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் 100 மட்டுமே. அது 1 விழுக்காடு. இருட்டில் எடுத்த காணொளியில் எறும்பு ஊர்வதுபோல் தெரிவது பெரும்பாலும் இந்த ஏற்ற இறக்கம்தான். ‘ஐ.எஸ்.ஓ.’ அளவைக் கூட்டினால் படம் வெளுக்கும், எறும்புகளும் கூடவே பெருக்கும். ஆகவே இரவுக் காணொளிக்கு விளக்கு தேவை. எவ்வளவு, எங்கே என்பதே கேள்வி.

1000 லூமென் எங்கே போகிறது?

லூமென் என்பது விளக்கிலிருந்து எல்லாப் பக்கமும் வெளிவரும் ஒளியின் மொத்தக் கணக்கு. உங்கள் தவளைமேல் எவ்வளவு விழுகிறது என்பது வேறு கணக்கு. அதற்கு லக்ஸ் என்று பெயர். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லூமென் விழுந்தால் ஒரு லக்ஸ்.

1000 லூமென் விளக்கு ஒன்று தன் முன்பக்கம் முழுவதும், அரைக்கோளமாக, ஒரே சீராக ஒளியைப் பரப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 160 லக்ஸ் கிடைக்கும். இரண்டு மீட்டரில் 40. ஐந்து மீட்டரில் 6-க்குச் சற்று மேல். பத்து மீட்டரில் ஒன்றரை லக்ஸ். தூரம் இரட்டித்தால் ஒளி பாதியாகாது, கால் பங்காகிவிடும். தொலைவில் உள்ள அருவியை இந்தச் சின்ன விளக்கால் காட்ட முயல்வதில் பயனில்லை என்பது இதிலிருந்தே தெரியும். ஒளியைக் குவிக்கும் குறுகிய கற்றை உள்ள கைவிளக்கு சற்றுத் தூரம் எட்டும். ஆனால் அது ஒரு வட்டத்தை மட்டுமே காட்டும்.

இதிலிருந்து ஒரு நடைமுறை உண்மை கிடைக்கிறது. இரண்டு மடங்கு சக்தியுள்ள விளக்கை வாங்குவதைவிட, இருக்கும் விளக்கைப் பாதித் தூரத்துக்கு நெருக்கி வைப்பது மேல். முன்னதில் ஒளி இரு மடங்காகும். பின்னதில் நான்கு மடங்காகும், செலவும் இல்லை.

பேட்டரிக்கும் ஒரு கணக்கு உண்டு. 3.7 வோல்ட், 2000 மில்லி ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் உள்ள ஆற்றல் 7.4 வாட்-மணி. ஒரு வாட்டுக்கு 100 லூமென் தரும் எல்.இ.டி. என்று கொண்டால், 1000 லூமெனுக்கு 10 வாட் வேண்டும். முக்கால் மணி நேரத்துக்குள் பேட்டரி தீர்ந்துவிடும். பெட்டியில் ‘1000 லூமென்’, ‘8 மணி நேரம்’ என இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது என்று புரிந்துகொள்ளுங்கள். அந்த எட்டு மணி நேரம் மிகக் குறைந்த வெளிச்சத்துக்கானது. மேலும், முழு வெளிச்சத்தில் சில நிமிடங்கள் எரிந்ததும் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே மங்கும் விளக்குகள் பல உண்டு.

தூறலில் வந்த வெள்ளைப் புள்ளிகள்

இரவில் கேமரன் மலைக்குக் காரில் ஏறியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மூடுபனியில் சாலை தெரியவில்லையே என்று உயர்விளக்கைப் போட்டால், எதிரே வெள்ளைச் சுவர் எழும்பி நிற்கும். பனியிலுள்ள நுண்துளிகள் ஒளியைச் சிதறடித்து, அதில் ஒரு பகுதியை உங்கள் கண்ணுக்கே திருப்பி அனுப்புகின்றன.

விளக்கைக் கேமராவின் தலையில் மாட்டினால் நடப்பதும் இதுவே. கேமராவுக்கு மிக அருகில் விழும் தூறல் துளிக்கு ஒளி ஏராளம். இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் தவளைக்குக் கொஞ்சம்தான். தூரக் கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். 20 சென்டிமீட்டரில் உள்ள துளி, இரண்டு மீட்டரில் உள்ள தவளையைவிட 100 மடங்கு ஒளி பெறுகிறது. பிறகு தவளை எப்படித் தெரியும்?

தீர்வு எளிது. விளக்கைக் கேமராவிலிருந்து பிரித்துவிடுங்கள். நண்பர் ஒருவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு, பொருளுக்கு அருகில், பக்கவாட்டில் நிற்கட்டும். கேமராவுக்கு முன்னால் உள்ள காற்றில் ஒளி படாது, ஆகவே துளிகளும் தெரியா. பக்கவாட்டு ஒளியில் இன்னொரு நன்மை, நிழல் விழும். தவளையின் தோலில் உள்ள மேடு பள்ளங்கள் தெரிவதற்கு அந்த நிழலே காரணம். நேர் எதிரே இருந்து வரும் ஒளியில் எல்லாம் தட்டையாகிவிடும். கலங்கிய ஆற்றுநீருக்குள் எடுக்கும்போதும் இதே விதிதான். அங்கே மழைத்துளியின் இடத்தில் மண்துகள்.

பூச்சித் தொல்லைக்கும் ஒரு வார்த்தை. விளக்கைச் சுற்றிப் பூச்சிகள் ஏன் மொய்க்கின்றன என்பதற்கு 2024-இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வு ஒரு விளக்கம் தந்தது. பறக்கும் பூச்சிகள் தங்கள் முதுகை வெளிச்சமான பக்கம் திருப்பி வைத்துக்கொள்கின்றன. இயற்கையில் வெளிச்சமான பக்கம் என்றால் அது வானம். அப்படித்தான் அவை மேல் எது, கீழ் எது என்று அறிகின்றன. அருகில் விளக்கு எரிந்தால் அதையே வானமாக எண்ணி முதுகைச் சாய்த்து, சுற்றிச் சுற்றி வந்து சிக்கிக்கொள்கின்றன. விளக்கைக் கேமராவிலிருந்து பிரித்தால் இந்தக் கூட்டமும் உங்கள் முகத்தைவிட்டு விலகும்.

முகம் ஏன் சாம்பல் பூத்துத் தெரிகிறது?

வெள்ளை எல்.இ.டி. என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு நீல எல்.இ.டி. அதன்மேல் பூசிய பாஸ்பர் பொருள் நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றுகிறது. நீலமும் மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தோன்றுகிறது. திறன்மிக்க நீல எல்.இ.டி.யை உருவாக்கியதற்காகத்தான் அகசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

மலிவான வெள்ளை எல்.இ.டி.யின் ஒளியில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. இல்லாத நிறத்தைப் பொருள் திருப்பி அனுப்ப முடியாது. நம்மைப் போன்ற மாநிறத் தோலின் களையே அதிலுள்ள சிவப்பில்தான் இருக்கிறது. அது போனால் முகம் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். விளக்கு வாங்கும்போது ‘சி.ஆர்.ஐ.’ எனும் நிறக் குறியீட்டெண்ணைப் பாருங்கள். உச்ச அளவு 100. காணொளிக்கு 95-ஐ ஒட்டியிருந்தால் நல்லது. லூமென் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை.

தண்ணீருக்குள் போனால் சிவப்பு இன்னும் வேகமாகக் குறையும். தெளிந்த நீர்கூடச் சிவப்பொளியை ஒரு மீட்டரில் ஏறக்குறைய கால் பங்குக்கு மேல் உறிஞ்சிவிடுகிறது. விளக்கிலிருந்து மீன்வரை, மீனிலிருந்து கேமராவரை என இரண்டு தூரங்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். நம் நாட்டுக் காட்டாறுகள் சிலவற்றில் கதை தலைகீழ். தாமான் நெகாராவின் தஹான் ஆற்றுநீர் தேநீர் நிறத்தில் இருக்கும். இலைதழைகளிலிருந்து கரைந்து வந்த பொருள்கள் அங்கே நீலத்தை உறிஞ்சிவிடும். படம் செம்பழுப்பாக வரும். எந்த நீராக இருந்தாலும் நெருங்கி எடுப்பதே மருந்து.

காணொளியில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் அதற்கும் காரணம் உண்டு. பல விளக்குகள் வெளிச்சத்தைக் குறைக்க, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகின்றன. கேமராவோ படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் பதிகிறது. விளக்கு அணைந்திருந்த வரிகள் கறுத்துவிடும். வாங்கிய அன்றே, வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, கைப்பேசியில் எடுத்துச் சோதித்துவிடுங்கள்.

‘தண்ணீர் புகாது’ என்பதன் பொருள்

விளக்கின்மேல் ஐ.பி. என்று தொடங்கும் குறியீடு இருக்கும். முதல் எண் தூசுக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு. இரண்டாவது எண் 4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். 8 என்றால் அதற்கும் மேல், எத்தனை மீட்டர், எவ்வளவு நேரம் என்பதை உற்பத்தியாளரே குறிப்பிட்டிருக்க வேண்டும். தேடிப் படியுங்கள். இந்தச் சோதனைகள் அசையாத நன்னீரில் செய்யப்படுபவை. உப்புநீர், மணல், அருவியின் அடி ஆகியவை அவற்றில் அடங்கா.

சோதனையில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஒரு மீட்டர் சோதனையின்போது, தண்ணீரின் வெப்பநிலைக்கும் கருவியின் வெப்பநிலைக்கும் 5 பாகைக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. இந்த ஒரு வரி எனக்கு அன்று நினைவில் இருந்திருந்தால் என் விளக்கு பிழைத்திருக்கும்.

நடந்தது இதுதான். முழு வெளிச்சத்தில் எரிந்து எரிந்து விளக்கு கைசுடும் நிலையில் இருந்தது. பேட்டரி தீர்ந்துவிட்டது. ஆறவிடாமல் மூடியைத் திறந்து, பேட்டரியை மாற்றி, உடனே மூடினேன். உள்ளே அடைபட்டது சூடான காற்று. அப்படியே அதைக் குளிர்ந்த ஆற்றுநீரில் இறக்கினேன். அடைபட்ட காற்று குளிர்ந்தால் அதன் அழுத்தம் குறையும். உள்ளே 60 பாகை செல்சியஸ், ஆற்றுநீர் 25 பாகை என்று வைத்துக்கொள்வோம். கெல்வின் அளவில் 333-லிருந்து 298-க்கு இறங்குகிறது. அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. வளிமண்டல அழுத்தம் ஏறக்குறைய 10 மீட்டர் நீரின் அழுத்தத்துக்குச் சமம். அதில் பத்தில் ஒன்று என்றால் ஒரு மீட்டர் நீர். அதாவது முழங்கால் ஆழத்தில் இருந்த என் விளக்கு, மேலும் ஒரு மீட்டர் ஆழத்தில் இருப்பதுபோல் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரே ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தாலும் போதும், நீர் நுழைந்துவிடும். நுழையாவிட்டாலும், இரவுக் காற்றின் ஈரப்பதம் உள்ளே குளிர்ந்து கண்ணாடியில் படியும்.

ஆகவே விளக்கின் மூடியை முகாமிலேயே, உலர்ந்த கையால், விளக்கு ஆறிய பிறகு திறந்து மூடுங்கள். வளையத்தை விரலால் தடவி, மணலோ முடியோ இல்லை என்று உறுதி செய்யுங்கள். கடலில் இறக்கியிருந்தால், வந்ததும் மூடியபடியே நன்னீரில் ஊறவைத்துக் கழுவுங்கள்.

வெளிச்சத்துக்குப் பின்னால் நிற்பவர்

இப்போது அந்த மாணவரிடம் வருகிறேன்.

நம் விழித்திரையில் கூம்புச் செல்கள், கோல் செல்கள் என இரு வகை ஒளி உணர்விகள் உள்ளன. வெளிச்சத்தில் வேலை செய்பவை கூம்புகள். மங்கலான ஒளியில் நமக்குத் துணை கோல்கள். கோல்களில் ரொடாப்சின் எனும் ஒளியுணர் பொருள் உண்டு. பளிச்சென்ற ஒளி பட்டால் அது சிதைந்துவிடும். மீண்டும் முழுமையாகச் சேர 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். திரையரங்குக்குள் நுழைந்ததும் இருக்கை தெரியாமல் தடவுகிறோமே, அது இதனால்தான்.

அன்று, மாணவர்களின் கைவிளக்குகள் காட்சிக்குள் குறுக்கே வருகின்றன என்று சொல்லி, எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னவள் நான். எல்லார் கண்ணும் ஒரே ஒரு விளக்கின் வட்டத்தில் இருந்தது. அந்த வட்டத்துக்கு வெளியே ஆறு, பாறை, பக்கத்தில் நிற்பவர் என்று எதுவும் யாருக்கும் தெரியவில்லை. வட்டமும் அணைந்ததும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கண் இருண்டது. விளக்கே இல்லாமல் போயிருந்தால்கூட, அரை மணி நேரத்தில் கண் பழகி, பாறையின் விளிம்பாவது தெரிந்திருக்கும்.

இதை ஆற்றில் நினைவில் வைப்பது மிக முக்கியம். மேல்மலையில் மழை பெய்தால், நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளி விழாவிட்டாலும், தண்ணீர் திடீரென்று பெருகி வரும். ‘கெப்பாலா ஆயர்’ என்று நாம் அஞ்சும் காட்டாற்று வெள்ளம் அதுதான். தண்ணீர் கலங்குவது, இலையும் குச்சியும் மிதந்து வருவது, இரைச்சல் மாறுவது ஆகியவை அதன் அறிகுறிகள். கேமராத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது.

அதனால் இப்போது எங்கள் குழுவில் சில விதிகள் வைத்திருக்கிறோம். ஒருவர் எப்போதும் விளக்கைப் பார்க்காமல், அதற்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். ஆற்றைக் கவனிப்பதும் ஆள்களை எண்ணுவதும் மட்டுமே அவர் வேலை. அவரிடம் மங்கலான சிவப்பு விளக்கு இருக்கும். ஆழ்ந்த சிவப்புக்குக் கோல் செல்கள் பெரும்பாலும் அசைவதில்லை என்பதால், இருட்டுக்குப் பழகிய கண் கெடாது. படம்பிடிப்பு விளக்கை அணைக்கும் முன் “அணைக்கிறேன்” என்று உரக்கச் சொல்ல வேண்டும். எல்லாரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும், தங்கள் கைவிளக்கை எரியவிட்ட பிறகே அசைய வேண்டும். தண்ணீர் விளிம்பில் ஒரு கல்லை அடையாளம் வைத்து, அதைத் தண்ணீர் தொட்டால் கேள்வி கேட்காமல் மேலேற வேண்டும்.

விளக்கே எரியக் கூடாத இடங்கள்

சில இடங்களில் மிகச் சிறந்த விளக்கும் பைக்குள்தான் இருக்க வேண்டும். கோலசிலாங்கூருக்கு அருகில் கம்போங் குவாந்தானில், ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் நொடிக்கு ஏறக்குறைய மூன்று முறை, ஒரே தாளத்தில் மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது ஆண் பூச்சி பெண் பூச்சியை அழைக்கும் சைகை. உங்கள் விளக்கு அந்தச் சைகையை மூழ்கடிக்கும். அங்கே ஃபிளாஷ் போடக் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே.

கடலாமைகள் முட்டையிடும் கடற்கரைகளிலும் அப்படித்தான். ரெடாங் தீவின் சாகார் ஹூத்தாங் கடற்கரை போன்ற இடங்களில் இரவில் பேராமைகள் கரையேறுகின்றன. வெளிச்சம் பட்டால் தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடக்கூடும். பொரித்து வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சமான அடிவானத்தைத் தேடி ஊர்கின்றன. இயற்கையில் அது விண்ணொளி பட்டு மினுங்கும் கடல். கரையில் உங்கள் விளக்கு எரிந்தால், அவை கடலை விட்டு உங்களை நோக்கி வரும். அங்கே வழிகாட்டி அனுமதிக்கும் மங்கலான சிவப்பொளியைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

வீட்டிலேயே செய்து பாருங்கள்

கண்ணாடிக் குவளையில் தண்ணீர் எடுத்து, சில துளி பால் விட்டுக் கலக்குங்கள். குவளைக்குப் பின்னால் ஒரு படத்தை வையுங்கள். அறையை இருட்டாக்கி, முதலில் உங்கள் கண் பக்கமிருந்தே குவளை வழியாக விளக்கை அடியுங்கள். பால்நீர் வெளுத்து, படம் மறையும். பிறகு குவளையில் ஒளி படாமல், பக்கத்திலிருந்து படத்தின்மேல் மட்டும் அடியுங்கள். படம் தெரியும். விளக்கு ஒன்றே, பால்நீரும் ஒன்றே, இடம் மட்டுமே மாறியது. இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்த பிள்ளைகள், விளக்கை எங்கே பிடிப்பது என்று உங்களிடம் மறுபடி கேட்க மாட்டார்கள்.

அதே குழுவோடு இரண்டாம் முறை முகாமுக்குப் போனோம். புதிய விளக்கை முழு வெளிச்சத்தில் கால் பங்குக்குக் குறைத்து, தவளைக்குப் பக்கவாட்டில், அரை மீட்டரில் வைத்தோம். தொண்டை உப்பி உப்பித் தவளை கத்தும் 40 விநாடிக் காட்சி கிடைத்தது. தோலின் ஈரம்கூடத் தெரிந்தது. கணுக்கால் சுளுக்கிய மாணவர், விளக்குக்கு முதுகு காட்டி நிற்கும் வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார்.

இன்னொரு காட்சி எடுக்கலாம் என்று நாங்கள் குனிந்திருந்தபோது, “டீச்சர், தண்ணி கல்லத் தொட்டுருச்சு” என்றார். எனக்கு ஒரு வேறுபாடும் தெரியவில்லை. எங்கள் தலைக்கு மேல் வானத்தில் நட்சத்திரம் இருந்தது. இருந்தாலும் விதி விதிதானே? ஆள்களை எண்ணி மேலேறினோம். அரை மணி நேரம் கழித்து மேட்டிலிருந்து விளக்கடித்துப் பார்த்தோம். நாங்கள் நின்ற பாறைமேல் கலங்கிய தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.